ஒரே ஒரு திட்டு

அர இஞ்ச் ஸ்பேனர் கைக்கு வந்துருச்சு, பார்க்காமயே வந்துருச்சு, நாப்பத்திமூணு வருசமா இந்தப் பொட்டியிலிருந்து எடுத்து எடுத்துக் குடுத்த கை, அதுக்கு எதுக்குக் கண்ணு. ரேடியேட்டர் தண்ணி முழுசா வடிஞ்சாச்சு, பக்கெட்டுல காப்பித் தண்ணி நெறத்துல நிக்குது, தண்ணி இத்தனை செவப்பா இருந்தா உள்ள துரு புடிச்சிருச்சுன்னு அர்த்தம், அதச் சொல்ல வேண்டிய ஆளு ஷெட்டு வாசல்ல பிளாஸ்டிக் சேர்ல உக்காந்துட்டு என்னையவே பார்க்கறாரு. வெய்யில் மொகத்துல அடிக்குது. சித்த நெழல்ல தள்ளி உக்காருங்கன்னேன். "பரவால்லீங்க அம்மிணி, நீங்க உங்க வேலையப் பாருங்க"ங்கறாரு. பரவால்லீங்க. அம்மிணி. உங்க வேலை. தாலி கட்டுன பொண்டாட்டியப் பார்த்துச் சொல்ற சொல்லு இது. நாலு மாசமா இந்த ‘ங்க’தான். அதுக்கு முந்தி எனக்கு ‘ஏ புள்ள’, கோவம் வந்தா ‘அடியே’, இன்னும் வந்தா வெளிய சொல்ல முடியாதது, அவருக்குக் கோவம் வராத நாளா பார்த்து காலண்டர்ல வட்டம் போட்டிருந்தா வருசத்துக்கு ஒரு வட்டம் தேறியிருக்கும். சென்னியப்பன்னா பம்ப்செட் கம்பெனி டெஸ்டிங் ஹால்ல அத்தனை மோட்டார் சத்தத்தையும் மீறிக் கேக்கற தொண்டை. இப்ப ஊட்டுக்கு வர்றவங்கெல்லாம் சொல்றாங்க, அண்ணன் எப்படித் தங்கமா மாறிட்டாரு பாரு, வாயில வெரல வெச்சாக் கூடக் கடிக்க மாட்டாரு போலன்னு. தங்கமாம் தங்கம். டாக்டர் படம் எடுத்துப் பார்த்துட்டு, மூளை சுருங்கிட்டே வருதும்மா, இனி ஏறாது, எறங்கத்தான் செய்யும்னுட்டாரு. சுருங்கறது சுருங்கட்டும், மரியாதையெல்லாம் வெச்சுட்டுத் திட்டை மட்டும் ஏன் எடுத்துட்டுப் போச்சு அந்தக் கெரகம்.

திங்கக்கெழம இவரத் தாட்டியுடறோம், ஊட்ட உட்டு அனுப்பறோம். நோம்பிக்கு வந்த விருந்தாளியத் தாட்டியுடற மாதிரி துணிமணியெல்லாம் பையில அடுக்கியாச்சு. பொள்ளாச்சி ரோட்டுல ஒரு ஹோம், தென்னந்தோப்புக்குள்ள இருக்குது, நர்சு இருக்குது, கதவுக்கு வெளிய தாப்பா இருக்குது. பையன் ஜெகதீசன் பெங்களூர்லிருந்து நாளைக்கு வர்றான். அவன் சொல்றதுல தப்பே இல்ல, அதுதான் எரிச்சலா இருக்குது, தப்பிருந்தா நாலு வார்த்தை சண்டை போட்டிருப்பேன். "அம்மா, உங்களுக்கு முட்டி தேஞ்சிருச்சு, சுகர் இருக்குது, நீங்க உழுந்துட்டா ரெண்டு பேரையும் யாரு பார்க்கறது"ங்கறான். போன மாசம் காஸைத் தொறந்து உட்டுட்டு அடுப்புக்கு முன்னால கை கட்டிட்டு நின்னாரு. அதுக்கு முந்துன வாரம் சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டுல வழி தெரியாம நின்னாரு, ஒரு கண்டக்டர் கூட்டிட்டு வந்து உட்டான். எல்லாம் சரி, ஆனா இந்த மனுசன் வேற வண்டியில ஏற மாட்டேங்கறாரு. ஜெகதீசன் கார்ல ஒருக்கா ஏத்துனோம், சூலூர்கிட்டப் போறப்பவே ஓடற வண்டியில கதவத் தொறந்துட்டாரு. இந்தப் பழைய லேண்ட்மாஸ்டர் கார்ல மட்டும் ஏறி உக்காந்தா பெட்டிப் பாம்பா அடங்கிருவாரு, கைய மடியில வெச்சுட்டு, முன்னாடி பார்த்துட்டு. அதனால இதுலதான் கூட்டிட்டுப் போகோணும். இதுக்கோ பம்பு போயிருச்சு, வாட்டர் பம்பு, பேரிங் ஆடி, கறகறன்னு சத்தம், அடியில சொட்டுச் சொட்டா ஒழுகல். இருக்கற மெக்கானிக்கெல்லாம் இந்த வண்டி பேரச் சொன்னாலே அடுத்த வாரம் பார்க்கலாம்ங்கறான். அப்ப யாரு மாத்தறது? இந்த மயிலாத்தாதான் மாத்தோணும். புருசனக் கொண்டு போயி உடற வண்டிக்குப் பொண்டாட்டியே பம்பு மாத்தோணும், எங்கயாச்சும் உண்டா இந்தக் கூத்து.

ரேடியேட்டரைத் தூக்கி வெளிய வெச்சாச்சு. முட்டி ரெண்டும் சத்தம் போடுது. டைனமோ போல்ட்டை இளக்கி, உள்ளுக்குத் தள்ளி, பெல்ட்டக் கழட்டோணும். மேல் போல்ட்டை முழுசாக் கழட்டாத புள்ள, இளக்குனாப் போதும், தலையில களிமண்ணா வெச்சிருக்கற. இதுக்கு வாங்குன திட்டு அது. ஃபேனக் கழட்டறப்போ நாலு போல்ட்டையும் ஒரே டப்பாவுல போடு, அங்கொண்ணு இங்கொண்ணு வெக்காத, உங்கப்பன் ஊட்டுக் கல்யாணத்துல வெத்தலை வெக்கறமாதிரி. அது இதுக்கு. நான் இந்தத் தொழில எங்கயும் போயிப் படிக்கல, திட்டு வாங்கி வாங்கியே படிச்சேன், ஒவ்வொரு நட்டுக்கும் ஒரு திட்டு, ஒவ்வொரு ஸ்பேனருக்கும் ஒண்ணு. டார்ச் புடிக்கறதுல கூட ஒரு திட்டு இருக்குது, ஆளப் பார்த்துப் புடிக்காத, வேலையப் பார்த்துப் புடி. ஞாயித்துக்கெழம ஆனா இந்த ஷெட்டுலதான், மத்த பொம்பளைங்க கோயிலுக்கோ கொழுந்தியா ஊட்டுக்கோ போவாங்க, நான் கிரீஸ் டப்பாவப் புடிச்சுட்டு நிப்பேன். மனசுக்குள்ள அவரக் கருவியிருக்கறேன், சத்தியமாக் கருவியிருக்கறேன். இந்த வாயி என்னைக்காச்சும் ஒரு நாள் அடங்காதான்னு மருதமலை முருகன்கிட்டயே கேட்டிருக்கறேன். கேட்டதக் குடுத்துட்டான் போல. ஐயோ அதை நெனைக்காத மயிலாத்தா, அப்படி நெனைக்காத, முருகனுக்கு வேற வேலையில்லையா, நீ கேட்டதத்தான் எடுத்து வெச்சுட்டுச் செய்வானா, பெல்ட்டக் கழட்டு, பெல்ட்டு ஓரமெல்லாம் வெடிச்சிருக்குது, அதையும் மாத்திரு.

"இந்த வண்டி உங்களுதுங்களா?" ஆரம்பிச்சுட்டாரு. "ஆமாங்க"ன்னேன். "நல்ல வண்டிங்க. எங்ககிட்டயும் இதே மாதிரி ஒண்ணு இருந்துச்சுங்க." இருந்துச்சா. அவரு கையாலயே கதவுக்குப் பச்சை பெயிண்ட் அடிச்ச வண்டி, பிள்ளைக்கு மொட்டை போட்டது, எங்கப்பன் செத்தப்ப ஓடுனது எல்லாம் இதே வண்டி, இருந்துச்சாமா. இதுல எனக்குக் கோவம் வர்றதில்ல. கோவம் வந்தது அன்னைக்கு, ரேஷன் கடைக்குப் போயிட்டு வர்றேன், கதவு உள்தாப்பா. தட்டறேன், சன்னல் வழியா எட்டிப் பார்த்துட்டு, "ஏனுங்க, என்ற சம்சாரம் வெளிய போயிருக்குது, அது வந்தொடனே வாங்க, அது இல்லாத நேரத்துல பொம்பளையாள உள்ள உடறது நல்லால்லீங்க"ன்னாரு. ஏனுங்க நாந்தாங்க உங்க சம்சாரம்ங்கறேன். சிரிக்கறாரு. நல்ல குடும்பத்து ஆம்பளை ஒருத்தன் சிரிக்கற சிரிப்பு. மத்தியானம் பூரா வாசல்படியில உக்காந்திருந்தேன், ரேஷன் அரிசிய மடியில வெச்சுட்டு. எனக்காகத்தான் எனக்குக் கதவு தொறக்கலைன்னு நெனைச்சா சிரிப்பு வருது, சிரிச்சா அழுகை வருது, எந்தப் பக்கமும் போக முடியல. பயம் என்னன்னா, அவருக்குள்ள ஒரு மயிலாத்தா இருக்கறா, அவளுக்கு வயசு முப்பதோ என்னமோ, அவ எப்ப வருவான்னு பார்த்துட்டே இருக்கறாரு. அவ வரவே மாட்டா. நான் வந்து என்ன பிரயோசனம்.

பம்புக்கு நாலு நட்டு. மூணு வந்துருச்சு. நாலாவது அடியில, கை போகாத எடத்துல, இங்கதான் எப்பவும் தகராறு. பல்லக் கடிச்சுட்டு இழுக்கறேன், ஸ்பேனர் வழுக்கி வெரல் மொளி பெயர்ந்துருச்சு, ரத்தம். "பார்த்துங்க அம்மிணி"ங்கறாரு அங்கிருந்தே. முன்னயா இருந்தா, ஏன் கைய அங்க குடுத்த, நட்டு உன்ற மாமன் மவனா, தானா எறங்கி வர்றதுக்கு. அப்படிச் சொல்லிட்டு, துணியக் கிழிச்சுக் கட்டியும் உடுவாரு, கட்டற வரைக்கும் திட்டிட்டே கட்டுவாரு. வந்துருச்சு, நாலாவதும் வந்துருச்சு. பம்பு கைக்கு வந்துருச்சு. பாவம், நல்லா ஒழைச்ச பம்பு, தண்டைப் புடிச்சு ஆட்டுனா கெழவன் பல்லாட்டம் ஆடுது. அடியில பார்த்தேன், அந்த மூக்கு. அவரு அதுக்கு மூக்குன்னுதான் சொல்லுவாரு, பம்புக்கு அடிவயித்துல ஒரு சின்ன ஓட்டை, வேணும்னே உட்ட ஓட்டை, உள்ள சீல் தேஞ்சு தண்ணி கசிஞ்சா பேரிங்குக்குப் போகாம அது வழியா வெளிய சொட்டிரும். மூக்கு ஒழுகுச்சுன்னா பம்புக்குச் சீக்குன்னு அர்த்தம், மாத்தோணும். இதெல்லாம் இப்பத் தெரியும். அன்னைக்குத் தெரியலையே.

ஜெகதீசன் அப்ப ஒண்ணாப்பு. பழனிக்கு மொட்டை போடப் போறோம், மொத நாளு ஷெட்டு தரையில சொட்டு சொட்டாத் தண்ணி. அவரு கம்பெனிக்குப் போயிட்டாரு. தேடித் தேடிப் பார்த்தேன், கண்டுபுடிச்சுட்டேன், ஒரு ஓட்டை இருக்குது, அதுதான் ஒழுகுது. நம்ம கெட்டிக்காரத்தனத்த மனுசனுக்குக் காட்டலாமேன்னு ஓட்டை அடைக்கற எம்சீல் வாங்கிட்டு வந்து, வெள்ளையையும் கருப்பையும் பெசைஞ்சு, அந்த மூக்க நல்லா அடைச்சு, தடவி, மழமழன்னு பண்ணி வெச்சேன். சொட்டு நின்னு போச்சு. எனக்கோ தல கால் புரியல. மடத்துக்குளம் தாண்டுனோம், வெளிய போக வழியில்லாத தண்ணி பூராப் பேரிங்குக்குள்ள போயி, பேரிங் இறுகி, ஃபேன் பிச்சுட்டு ரேடியேட்டர்ல குத்தி, நடு ரோட்டுல ஆவியோட நின்னுச்சு வண்டி. பானெட்டத் தொறந்து எட்டிப் பார்த்தாரு, அந்த மூக்கப் பார்த்தாரு, என்னயப் பார்த்தாரு. அப்புறம் ஆரம்பிச்சாரு பாரு, மூணு நாளு நிக்கல. சளி புடிச்ச கொழந்தைக்கு மூக்க அடைக்கறவ நீ, உங்காத்தா உன்னைய எப்படித்தான் வளத்துனாளோ. வர்றவங்க போறவங்ககிட்டயெல்லாம் சொன்னாரு. அதுக்கப்புறம் இத்தனை வருசத்துல எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும், சொந்தக்காரங்க முன்னால, என்ற ஊட்டுக்காரி பம்புக்கு மூக்க அடைச்ச கதை தெரியுமான்னு ஆரம்பிப்பாரு. எனக்கு அவமானம் புடுங்கித் தின்னும். அவருக்குத் தன் பேரு மறந்துருக்குது, மகன் பேரு மறந்துருக்குது, ஆனா இது மறக்குமா? இது மட்டும் மறக்காதுன்னு எனக்குள்ள என்னமோ அடிச்சுச் சொல்லுது. அதனாலதான் நேத்து ஒக்கடத்துல ஹனீபா பாய் கடையில பம்பு வாங்கிட்டு, பக்கத்துக் கடையில எம்சீலும் ஒண்ணு வாங்குனேன். பாய் கேட்டாரு, "அக்கா, பழசுன்னாலும் இது கையே படாத பம்பு, இதுக்கு எதுக்கு எம்சீலு?" தண்ணித் தொட்டிக்குன்னு பொய் சொன்னேன்.

யாருக்கும் தெரியாது, ஜெகதீசனுக்கும் தெரியாது, எனக்குள்ளயே நான் வெச்சிருக்கற பந்தயம். இவரு கண்ணு முன்னால புதுப் பம்புக்கு மூக்க அடைக்கப் போறேன். திட்டுனா அனுப்ப மாட்டேன். ஒரே ஒரு திட்டு, ‘அடியே’ போதும், பாதி ‘அடியே’ வந்தாக் கூடப் போதும், முட்டி போனாப் போகட்டும், பையத் திரும்பப் பிரிச்சு வேட்டியெல்லாம் பீரோவுல அடுக்கிருவேன், ஜெகதீசன் குதிச்சாலும் சரி. உள்ள எங்கயோ ஒரு மூலையில சென்னியப்பன் இருக்கறாருன்னு தெரிஞ்சாப் போதும். திட்டலைன்னா? அதை யோசிக்க வேண்டாம். மொதல்ல கேஸ்கெட் வெட்டோணும். அட்டைக் காயிதத்தப் பம்பு மேல வெச்சு, சுத்தியலால ஓரத்துல லேசாத் தட்டித் தட்டி, அப்படியே அச்சு உழுந்து வெட்டுப்பட்டு வந்துரும், கத்திரிக்கோல் போட்டா நெளியும், அதுக்கும் ஒரு திட்டு இருக்குது. பரீட்சை எழுதப் போற மாதிரி வாயெல்லாம் காயுது. எழுபது வயசுல எனக்கென்ன பரீட்சை.

பம்ப எடுத்துட்டுப் போயி அவரு முன்னால கீழ உக்காந்தேன். "ஏனுங்க, இங்க பாருங்க"ன்னேன். பார்த்தாரு. எம்சீல வெள்ளையும் கருப்புமா பிச்சு, கையில உருட்டி, பெசைஞ்சு, சாம்பக் கலருக்கு வர்ற வரைக்கும் அவரு கண்ணுக்கு நேரா வெச்சே பெசைஞ்சேன். அந்த வாசனை வந்துச்சு, மடத்துக்குளத்து வாசனை. பம்பக் குப்புறக் கவுத்தி, மூக்கக் காட்டுனேன். "இந்த ஓட்டைய அடைக்கப் போறேனுங்க"ன்னேன். கண்ணு ஓட்டையப் பார்த்துச்சு. எம்சீலப் பார்த்துச்சு. வெச்சேன். ஒரு வெரலால அமுத்துனேன். புருவம் அசைஞ்சுச்சு, சத்தியமா அசைஞ்சுச்சு, நெத்தியில அந்தக் கோடு, கோவம் வர்றதுக்கு முந்தி வர்ற கோடு, எனக்குத் தெரியாதா அது. சேர்லிருந்து முன்னால குனிஞ்சாரு. வலது கை மேல வந்துச்சு. சொல்லுங்க, சொல்லுங்க, அடியேன்னு சொல்லுங்க, உங்காத்தா வளத்துன லட்சணத்தச் சொல்லுங்க, ஓங்கி ஒரு அறை உட்டாலும் வாங்கிக்கறேன் சாமி. வெரல நீட்டி அந்த எடத்தத் தொட்டாரு. "அம்மிணி, இந்த ஓரத்துல பத்தலீங்க"ன்னாரு. "இன்னும் சித்த எச்சா வெச்சு அமுத்துங்க. இல்லைன்னா ஒழுகுமுங்க."

எச்சா வெச்சு அமுத்துனேன். வேறென்ன பண்றது. அவரு திருப்தியாத் தலையாட்டிட்டு சேர்ல சாஞ்சுட்டாரு. அழுகை வரும்னு பார்த்தேன், வரல. அப்புறம் இது காஞ்சு இறுகிட்டாப் பம்பு வீணாப் போயிருமேன்னு பட்டுச்சு, பாரு, அந்த நேரத்துலயும் பம்பப் பத்தித்தான் பட்டுச்சு. ஊசிய வெச்சு அத்தனையும் நோண்டி எடுத்தேன், ஓட்டையில ஊதிப் பார்த்தேன், காத்துப் போச்சு. அவரு இதையும் பார்த்துட்டேதான் இருந்தாரு, வெச்சதும் நல்லது எடுத்ததும் நல்லதுங்கற மொகம். கேஸ்கெட்டுக்கு ரெண்டு பக்கமும் கிரீஸ் தடவி, பம்ப ஏத்தி, நாலு நட்டையும் எதிரும் புதிருமா மாத்தி மாத்தி முறுக்குனேன். புல்லி, ஃபேன், புது பெல்ட்டு, கட்டவெரல்ல அமுத்துனா அர இஞ்ச் எறங்கோணும், எறங்குச்சு. ரேடியேட்டர். ஓஸ் பைப்பு. போர் தண்ணி உப்பு, அதனால சிறுவாணித் தண்ணி ரெண்டு கொடம். ஒரு நட்டு கூட மிச்சமாகல, ஒண்ணு கூட மறக்கல, எல்லாத் திட்டும் ஞாபகத்துல இருந்துச்சு, எனக்கு மட்டும். சாவியத் திருப்புனேன், ரெண்டு இருமல், மூணாவதுக்குப் புடிச்சுட்டுச்சு. கறகற இல்ல. குனிஞ்சு டார்ச் அடிச்சுப் பார்த்தேன், ஒரு பொட்டு ஒழுகல. பொள்ளாச்சி என்ன, கன்னியாகுமரிக்கே போகும். இத்தனை சுத்தமா ஒரு வேலையச் செஞ்சு இத்தனை வயித்தெரிச்சலா எனக்கு இருந்ததே இல்ல.

இஞ்சின நிறுத்துனதும் அவரு எந்திரிச்சு வந்துட்டாரு, வேட்டிய ஒரு கையில புடிச்சுட்டு. "அருமையாப் பண்ணிட்டீங்க அம்மிணி. பொம்பளையாளு இந்த வேலை செஞ்சு நான் பார்த்ததே இல்லீங்க. எங்கீங்க படிச்சீங்க?" கையத் துணியில தொடைச்சுட்டே, "என்ற ஊட்டுக்காரர்கிட்டங்க"ன்னேன். "குடுத்து வெச்சவருங்க அவரு"ன்னாரு. "பொறுமையாச் சொல்லிக் குடுத்திருப்பாராட்ட இருக்குது." எனக்கு என்ன வந்துச்சோ தெரியல, "பொறுமையெல்லாம் எங்கீங்க, திட்டித் திட்டித்தான். நாலு பேரு முன்னால மானத்த வாங்குவாருங்க. ஒருக்கா ஸ்பேனர எடுத்து வீசுனாரு, காதோரமாப் போச்சுங்க"ன்னு சொல்லிட்டேன். இதை நான் யார்கிட்டயும் சொன்னதில்ல, பெத்த தாயிகிட்டக் கூடச் சொன்னதில்ல. அவரு மொகம் அப்படியே வாடிப் போச்சு. பெயர்ந்த வெரலப் பார்த்தாரு, என்ற மொகத்தப் பார்த்தாரு, அத்தனை கனிவா ஒரு நாளும் அவரு என்னயப் பார்த்ததில்ல. கிட்ட வந்து, யாருக்கும் கேட்டுரக் கூடாதுங்கற மாதிரி கொரலத் தாழ்த்திட்டு, "அப்படிப்பட்ட ஆளு கூட எதுக்குங்க இருக்கறீங்க?"ன்னாரு. "கைல தொழிலு இருக்குது. உட்டுட்டுப் போயிருங்க அம்மிணி. அந்தாளு திருந்த மாட்டானுங்க."

"சரிங்க"ன்னேன்.

"சும்மா வாயில சொன்னாப் பத்தாதுங்க. எப்பப் போவீங்க?"

"திங்கக்கெழமைங்க"ன்னேன்.